‘விசாரணை’ என்ற ஒரு சொல்: புதிய குற்றவியல் சட்டங்களும் ‘லாக்கப்’ புதினம் எழுப்பும் வினாக்களும்

ஆய்வுச் சுருக்கம்

2024 சூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்துள்ள மூன்று குற்றவியல் சட்டங்கள், தண்டனையை மையமாகக் கொண்ட காலனியச் சட்டங்களுக்கு மாற்றாக நீதியை மையமாகக் கொண்டவை என அறிமுகப்படுத்தப்பட்டன. இக்கூற்றைக் காவல் நிலைய வாசலில் நிற்கும் எளிய மனிதரின் நிலையிலிருந்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தமிழில் ‘விசாரணை’ என்ற சொல் ஏற்றுள்ள பல பொருள்களையும், சந்திரகுமாரின் ‘லாக்கப்’ புதினம் எழுப்பும் வினாக்களையும் துணையாகக் கொண்டு முதற்கட்ட விசாரணை, காவல்துறைக் காவல், பொருள் கைப்பற்றல், பிணை ஆகியன பற்றிய பிரிவுகள் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புதிய குற்றவியல் சட்டங்கள், விசாரணை, முதல் தகவல் அறிக்கை, காவல்துறைக் காவல், லாக்கப், சட்டத்தமிழ்

முன்னுரை

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் ஆகியவை இன்று உள்ளன. 2023 டிசம்பரில் இவை நிறைவேறிய கூட்டத்தொடரில் எதிர்க்கட்சி உறுப்பினர் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். ஆகவே, போதிய விவாதமின்றி இவை நிறைவேறின என்ற குறை தொடக்கம் முதலே உண்டு. இவற்றைப் பற்றிச் சட்டத்துறையினர் நிறைய எழுதிவிட்டனர். மொழியும் இலக்கியமும் பயில்வோர் இவற்றைப் படிக்கும்போது எதைக் காண இயலும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்களாக நின்ற சட்டம்

சட்ட நூலைக் கையில் எடுத்தறியாத தமிழரும் சட்டத்தை எண்களாக அறிந்திருந்தனர். ஏமாற்றுக்காரனைக் குறிக்க ‘நானூற்றிருபது’ போதுமானதாக இருந்தது. ‘நூற்றிநாற்பத்துநான்கு போட்டிருக்கிறார்கள்’ என்றால் கூட்டம் கூடக்கூடாது என்று சிற்றூர்ச் சிறுவனுக்கும் தெரியும். புதிய சட்டத்தில் 358 பிரிவுகளே உள்ளமையால் 420 என்ற எண் இல்லை. ஏமாற்றுதல் 318ஆம் பிரிவுக்குச் சென்றுவிட்டது. தடையுத்தரவு புதிய நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவாகியுள்ளது. அச்சட்டத்தின் 144ஆம் பிரிவு இன்று மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோருக்கான பராமரிப்புத் தொகையைக் குறிக்கிறது. கொலையைக் குறித்த 302 என்ற எண், இன்று மத உணர்வைப் புண்படுத்தும் சொற்களைப் பேசுதல் என்னும் குற்றத்தைக் குறிக்கிறது.

எண் மாற்றத்தை மக்கள் காலப்போக்கில் கற்றுக்கொள்வர். ஆனால், பெயர்களின் சிக்கல் வேறு. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பின்படி, நாடாளுமன்றம் வேறுவகையில் விதிக்கும்வரை, மத்தியச் சட்டங்களின் அதிகாரப்பூர்வ வாசகம் ஆங்கிலத்திலேயே அமையும். இம்மூன்று சட்டங்களின் உடலும் ஆங்கிலத்திலேயே உள்ளது. பெயர் மட்டும் இந்தி, சமற்கிருதச் சொற்களாலானது. இதனால் ஆங்கிலம் அறியாதவர்க்கு உள்ளடக்கம் முன்போலவே எட்டவில்லை. இந்தி அறியாதவர்க்குப் பெயரும் எட்டவில்லை. காலனிய நீக்கம் என்பது பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டது எனலாம்.

தமிழில் இதற்கு மாறான ஒரு மரபு உண்டு. முன்சீப்பாகப் பணியாற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1862ஆம் ஆண்டிலேயே நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டார். வழக்காடுவோர் தம் வழக்கைத் தாமே அறிய வேண்டும் என்ற கருத்து அம்முயற்சியில் அடங்கியுள்ளது. மத்தியச் சட்டங்களுக்கு மாநில மொழிகளில் அதிகாரப்பூர்வ வாசகம் வெளியிட 1973ஆம் ஆண்டின் சட்டமொன்று வழிசெய்துள்ளது. அவ்வழியைக் கொண்டு, நடைமுறைக்கு வரும் நாளிலேயே தமிழ் வாசகமும் மக்கள் கையில் இருக்குமாறு செய்வதே உண்மையான காலனிய நீக்கமாகும்.

ஒரு சொல், பல அறைகள்

சட்டம் தனித்தனியே பிரித்துவைக்கும் பல கட்டங்களைப் பேச்சுத்தமிழ் ‘விசாரணை’ என்ற ஒரே சொல்லால் சுட்டுகிறது. நீதிமன்றத்தில் சாட்சிகளை வினவுவதும் விசாரணை. காவல்துறை தடயம் திரட்டுவதும் விசாரணை. அறைக்குள் வைத்துக் கேள்வி கேட்பதும் விசாரணையே. ‘விசாரணைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள்’ என்று ஒரு தாய் கூறும்போது, மகன் சாட்சியா, சந்தேகத்திற்குரியவரா, கைது செய்யப்பட்டவரா என்பது அச்சொல்லிலிருந்து புலப்படாது. இதனை மொழியின் வறுமையாகக் கருத வேண்டியதில்லை. மக்களின் பட்டறிவில் இக்கட்டங்களுக்கிடையே வேறுபாடு இருந்ததில்லை என்பதையே அச்சொல் பதிவுசெய்துள்ளது.

கோவை ஆட்டோ ஓட்டுநரான சந்திரகுமார் தம் சொந்தப் பட்டறிவிலிருந்து எழுதிய ‘லாக்கப்’ இந்த வேறுபாடின்மையின் ஆவணம். பிழைப்புத் தேடி ஆந்திரத்தின் குண்டூருக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளுமாறு காவல் நிலையத்தில் வதைக்கப்படுவதே அதன் பொருள். இதனைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய திரைப்படத்திற்கு ‘விசாரணை’ என்றே பெயரிடப்பட்டது. கைது எனப் பதிவாகாத கைதும், வழக்கு எனப் பதிவாகாத வழக்கும் நிகழும் காலமே இப்படைப்பின் களம். அக்காலத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. சட்டத்தின் ஏடு இன்னும் திறக்கப்படவில்லை என்பதே சிக்கல். புதிய சட்டங்களிடம் கேட்கத்தக்க முதல் வினாவும் இதுவே: அந்த ஏடு இனி முன்கூட்டித் திறக்கப்படுமா, தாமதமாகவா?

பதினான்கு நாள்

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் பதியப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. முதற்கட்ட விசாரணை விதிவிலக்காகவே அனுமதிக்கப்பட்டது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3)ஆம் பிரிவு அவ்விதிவிலக்கை விரித்துள்ளது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் காவல் கண்காணிப்பாளரின் முன்அனுமதியுடன் 14 நாள் வரை முதற்கட்ட விசாரணை நடத்தலாம்.

இப்பிரிவுக்கு நன்மையான முகமும் உண்டு. ஒரு கவிதைக்காகத் தொடரப்பட்ட இம்ரான் பிரதாப்கடி வழக்கை 2025 மார்ச்சில் நீக்கிய உச்ச நீதிமன்றம், பேச்சும் எழுத்தும் சார்ந்த இத்தகைய குற்றச்சாட்டுகளில் இப்பிரிவைப் பயன்படுத்தி முதலில் ஆராய்வதே பொருத்தம் என்றது. எழுத்தாளர்க்கு இது காப்பு. ஆயின், அவ்வழக்குக்கு உரியவர் நாடாளுமன்ற உறுப்பினர். பெயரற்ற கூலித் தொழிலாளிக்கு இதே 14 நாள், வழக்கு எண் இல்லாமல் காவல் நிலையத்திற்கு வந்துபோகும் நாள்களாக மாறக்கூடும். 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்தும் கடமை கைதிலிருந்து தொடங்குகிறது. ‘விசாரித்து அனுப்பிவிடுவோம்’ என்ற சொல்லிலிருந்து தொடங்குவதில்லை. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நகைத் திருட்டுப் புகார் தொடர்பான காவல்துறை விசாரணையில் கோயில் காவலாளியான இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அந்நிகழ்வுக்கு இப்பிரிவு காரணமன்று. எனினும், புதிய சட்டங்கள் வந்து ஏறத்தாழ ஓராண்டு ஆன பின்னும் ‘லாக்கப்’ காட்டிய அறை அப்படியே இருப்பதை அது உணர்த்திற்று.

காவல் நாள்களும் கைப்பற்றலும்

பழைய சட்டத்தில் காவல்துறைக் காவல் முதல் 15 நாள்களுக்குள் மட்டுமே வழங்கப்படும் என்பது 1992ஆம் ஆண்டின் அனுபம் குல்கர்னி தீர்ப்பால் உறுதிப்பட்டிருந்தது. புதிய சட்டத்தின் 187ஆம் பிரிவு, மொத்தம் 15 நாள் என்ற அளவை மாற்றாமல், அதனைக் குற்றத்தின் தன்மைக்கேற்ப முதல் 40 அல்லது 60 நாள்களுக்குள் பகுதி பகுதியாகப் பெற இடமளிக்கிறது. 15 நாளுக்குப் பிந்தைய காவல் தேவைப்படலாம் என்பது மட்டுமே பிணை மறுக்கப் போதிய காரணமாகாது என 480ஆம் பிரிவு கூறுவது ஓரளவு ஆறுதல். ஆயினும், சிறைக்குச் சென்றபின் மீண்டும் காவல் நிலையத்திற்குக் கொண்டுவரப்படலாம் என்ற அச்சம் புதியது. தம்மை அடித்தவர்கள்மீது நடுவரிடம் முறையிடத் துணியும் கைதி, அவர்களிடமே திரும்ப நேரிடலாம் என்றெண்ணி வாய்மூட வாய்ப்புண்டு.

வதைக்கான காரணத்தைச் சாட்சியச் சட்டத்தில் தேட வேண்டும். காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. ஆனால், அதன் விளைவாகப் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அதற்குரிய பகுதி சான்றாகும். இது பழைய 27ஆம் பிரிவு. புதிய சட்டத்தின் 23ஆம் பிரிவில் விதியும் விலக்கும் ஒருசேர அமைந்துள்ளன. ‘நகை எங்கே?’ என்ற கேள்விக்கு அடியின் துணையை அழைத்தது இவ்விலக்கே. காலனியத்தின் எச்சங்களை நீக்கப் புகுந்தவர்கள் இதனைத் தொடவில்லை.

தேடுதலையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்ற 105ஆம் பிரிவு வரவேற்கத்தக்கது. எனினும், அதன் கருவி இயங்கத் தொடங்குவது பொருள் எடுக்கப்படும் இடத்தில். அவ்விடத்தைச் சொல்லவைத்த அறையில் கருவி இயங்கக் கட்டாயமில்லை. காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கருவி பொருத்துமாறு 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையைச் சட்டத்தின் வாசகமாக்கும் வாய்ப்பு நழுவவிடப்பட்டது.

பெற்றவையும் விடுபட்டவையும்

புதிய சட்டங்களின் நலன்களை மறுப்பது நேர்மையாகாது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். புலன்விசாரணையின் நிலையை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். சில சிறு குற்றங்களுக்குச் சமூகசேவை தண்டனையாகியுள்ளது. முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர், உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் பிணை பெறலாம் என்ற 479ஆம் பிரிவு பெரும் முன்னேற்றம். மரணதண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் மட்டும் இதில் அடங்கா. ஆனால், ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ பல வழக்குகளோ நிலுவையில் இருந்தால் அவ்வுரிமை இல்லை. துப்புத் துலங்காத பழைய வழக்குகளைத் தம்மீது சுமத்துவதாகக் குறவர், இருளர் முதலிய மக்கள் நெடுங்காலமாக முறையிட்டுவருகின்றனர். யாருக்கு இச்சலுகை மிகவும் தேவையோ அவர்களையே இந்த விலக்கு வெளியே நிறுத்துகிறது.

பழைய 377ஆம் பிரிவு முழுமையாக நீக்கப்பட்டதும் இத்தகையதே. மனமொத்த உறவைக் குற்றமாக்கிய பகுதியை 2018இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. வன்முறையைத் தண்டிக்கும் பகுதி தொடர்ந்தது. இன்று அதுவும் இல்லாமையால், வன்புணர்வுக்கு ஆளாகும் வயதுவந்த ஆண்களுக்கு உரிய பிரிவு இல்லை. திருநருக்கு 2019ஆம் ஆண்டின் தனிச்சட்டம் இருப்பினும், அதன் உச்சத் தண்டனை இரண்டாண்டே.

முடிவுரை

தண்டனையிலிருந்து நீதிக்கு என்ற முழக்கத்தைப் பெயர்களைக் கொண்டு அளக்க இயலாது. நீதிமன்றத்தில் நிகழும் விசாரணையைப் புதிய சட்டங்கள் விரைவுபடுத்த முயல்கின்றன. காவல் நிலைய அறையின் விசாரணையைப் பெரும்பாலும் பழைய நிலையிலேயே விட்டு, அதற்குக் கூடுதல் நாள்களையும் தந்துள்ளன. முதற்கட்ட விசாரணைக்கு அழைக்கப்படுபவரின் பெயரும் வந்துசென்ற நேரமும் அன்றே நடுவருக்கு அனுப்பப்பட வேண்டும் என்ற ஒரு வரி சேர்க்கப்பட்டால் இக்குறையின் பெரும்பகுதி நீங்கும். இச்சட்டங்களுக்கு மாநிலத் திருத்தங்களைப் பரிந்துரைக்க 2024 சூலையில் ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் தமிழ்நாடு அரசு குழு அமைத்தது. அம்முயற்சியின் தொடர்ச்சியில் இதற்கும் இடமுண்டு. ‘விசாரணைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள்’ என்று சொல்லும் தாய்க்கு, எங்கே, எதற்காக, எப்போது திரும்புவான் என்ற மூன்று வினாக்களுக்கும் எழுத்தில் விடை கிடைக்கும் நாளில் அச்சொல்லின் பொருளும் தமிழில் மாறத் தொடங்கும்.