மேலே 'ஐ', கீழே 'ஆல்'

ஜொகூரில் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளை '12 ÷ 3' என்பதை ஆறு ஆண்டுகள் 'வகுத்தல்' என்று வாசிக்கும். இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றில் காலடி வைத்ததும் அதுவே மலாயில் 'பஹாகி'. இருமொழித் திட்டம் உள்ள பள்ளியானால் 'டிவைடட் பை'. குறி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

குறிகளின் பலம் இதுதான். 2003இல் மலேசியப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக 2009இல் அரசு அறிவித்தது. 2016இல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் ஆங்கிலம் மறுபடி உள்ளே வந்தது. இத்தனை இழுபறியிலும் சேர்த்தல் குறியை யாரும் தொடவில்லை.

ஆனாலும், 'கணிதக் குறி எல்லா மொழிக்கும் பொது' என்ற பேச்சை நான் பாதிதான் ஏற்பேன். லத்தீனில் 'எட்' என்றால் நம் 'உம்'. வேகமாக எழுதி எழுதி அந்தச் சொல் தேய்ந்ததுதான் + என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 1489இல் லைப்சிக்கில் அச்சான யோஹன்னஸ் விட்மனின் வணிகக் கணக்கு நூலில் + மிகுதியையும் − குறைவையும் காட்டின. வேல்ஸ்காரர் ராபர்ட் ரெக்கார்ட், 'சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதிச் சலித்து, 1557இல் இரண்டு இணைகோடுகளை இழுத்தார். அவதூறு வழக்கில் தோற்று, இழப்பீடு கட்ட முடியாமல் அடுத்த ஆண்டே சிறையில் இறந்தார். அவர் வரவும் செலவும் சமமாகவில்லை. கணித அறிஞர் ஆட்ரெட் 1631இல் தந்த × குறி எக்ஸ் எழுத்தோடு குழம்புகிறது என்று லைப்னிட்ஸ் புள்ளிக்குத் தாவினார். பெஷாவர் அருகே 1881இல் கிடைத்த பக்ஷாலிச் சுவடியிலோ + போன்ற குறி குறை எண்ணைக் காட்டுகிறது!

ஆக, குறி என்பது ஊர் கூடிச் செய்த உடன்படிக்கை. அது எழுதப்பட்ட மொழியின் சொல்வரிசையும் அதில் ஒட்டியிருக்கிறது. நமக்குச் சிக்கல் அங்கேதான். 'ஐந்தும் மூன்றும் எட்டு' என்கிறோம். சேர்க்கும் வேலையை 'உம்' பார்த்துக்கொள்கிறது. 'ஈரைந்து பத்து' என்று வாய்ப்பாடு சொல்லும்போது × எங்கும் தலைகாட்டுவதில்லை. பன்னிரண்டை மூன்றால் வகு என்னும்போது எது வகுபடுகிறது, எது வகுக்கிறது என்பதை 'ஐ'யும் 'ஆல்'உம் சொல்லிவிடும். வினை கடைசியில் வரும். மலாய்க்கு இந்தத் தொல்லை இல்லை: 'டுவா பெலாஸ் பஹாகி தீகா' குறி நிற்கும் வரிசையிலேயே ஓடுகிறது. (அந்தப் பஹாகி நம் 'பாக'த்தின் உறவினர்தான். பெருக்கலுக்கான 'டாராப்' அரபியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு அடித்தல் என்றும் பொருள்.)

வகுப்பறையில் நாம் செய்வது என்ன? 'பன்னிரண்டு வகுத்தல் மூன்று' என்று வாசிக்கிறோம். இது தமிழே இல்லை, குறியின் நிழல். உருபு உதிர்ந்ததும் 12 ÷ 3, 3 ÷ 12 இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. பிள்ளை பெரிய எண்ணை எடுத்துச் சின்ன எண்ணால் வகுத்துவிடுகிறது.

இன்னும் மோசமாக அடிபடுவது = தான். அதை 'இதோ விடை' என்று பழகிய பிள்ளையிடம் 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுங்கள்; கட்டத்தில் 12 விழும். ரெக்கார்டின் இணைகோடுகள் இரு பக்கமும் ஒரே எடை என்றன. நாம் அதை ஒருவழிப் பாதையாக்கிவிட்டோம்.

இதற்கு மருந்தாக ௰, ௱, ௲ என்று தமிழ் எண்களைச் சுவரில் ஒட்டுவோர் உண்டு. அழகுதான். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என நம் கணக்கேடுகளில் சுருக்கக் குறிகள் இருந்தன. முந்திரி போன்ற பின்னக் குறிகளுக்கு 2019இல் யூனிகோடிலும் இடம் கிடைத்தது. ஆனால் அவை பேரேட்டுச் சுருக்கெழுத்துகள். ÷ செய்யும் வேலையை அவை செய்யவில்லை. சுவரை அலங்கரிப்பதைவிட, 'பன்னிரண்டில் எத்தனை மூன்று?' என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்பது பயன் தரும்.

1659இல் கணித அறிஞர் ரான் அச்சேற்றிய ÷ குறிக்கே ஆயுள் குறைவுதான். ஸ்காண்டிநேவியாவில் அது கழித்தலாகவும் வழங்கியது. அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பின் கணிதக் குறியீட்டுத் தரம் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. மேல்படிவங்களில் நம் பிள்ளைகளின் நோட்டிலிருந்தும் அது மெல்ல நழுவி, அங்கே பின்னக்கோடு வந்து படுத்துக்கொள்ளும்: மேலே 'ஐ', கீழே 'ஆல்'.