மெய்ப்பித்தலும் பொய்ப்பித்தலும்

நம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் 'நிரூபணம்' என்னும் ஒரே சொல் பத்து ஆள் வேலையைச் செய்து வருகின்றது. கணிதத் தேற்றமும் நிரூபிக்கப்பட்டது. தலைவலித் தைலமும் நிரூபிக்கப்பட்டது. சங்கத் தேர்தலில் ஒருவர் மேல் ஒருவர் வீசும் பழியும் நிரூபிக்கப்பட்டதாம்! ஆங்கிலம் கற்ற நண்பர்களைக் கேட்டால், தமிழின் வறுமையே இதற்குக் காரணம் என்கின்றனர். அக்கூற்றைச் சிறிது ஆராய்வோம்.

ஆங்கிலேயர் 'புரூவபிள்' என்பர், 'வெரிபையபிள்' என்பர், 'டெமான்ஸ்டிரபிள்' என்பர். லத்தீனில் முதலாவதன் வேர் சோதித்தலையும், இரண்டாவதன் வேர் மெய்யாக்குதலையும், மூன்றாவதன் வேர் காட்டுதலையும் குறிப்பன. ஆகவே இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. தமிழில் நோக்குவோம். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணம் என்பது நிறுவத்தக்கது. மலாயாவில் வாணிபத்திற்கென முதலில் ரப்பர் பயிரிட்டவர் நம் மலாக்காவின் டான் சே யான் என்பதும், இடம் புக்கிட் லிந்தாங் என்பதும் பழைய ஏடுகளைப் புரட்டிச் சரிபார்க்கத்தக்கவை. 'என் பாலின் நிறை குறைத்து எழுதப்பட்டது' என்று பால்மரம் வெட்டுபவர் கூறினால், அப்போதே மீண்டும் தராசிலேற்றிக் காட்டத்தக்கது. இவ்வுரமிட்டால் பால் பெருகும் என்பதோ, சில நிரைகளுக்கு இட்டும் சிலவற்றுக்கு இடாதும் சோதிக்கத்தக்கது. சொல் நான்கும் நாவிலேயே இருக்கின்றன. வறுமை சொல்லில் இல்லை. வேற்றுமை அறியும் சிரத்தையில்தான் இருக்கிறது.

சொல் மட்டுமா? முறையும் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1898இல் அச்சேற்றிய மணிமேகலையில், சமயக்கணக்கர் திறம் கூறும் காதையை எடுத்துப் பாருங்கள். காட்சி, கருதல், உவமம், ஆகமம் என அளவைகள் பத்து வருகின்றன. அவற்றுள் ஒன்று ஐதிகம், அதாவது ஊரார் வழிவழியாகச் சொல்லிவருவது. அதற்குச் சாத்தனார் தரும் உதாரணம் யாது தெரியுமா? ஒரு மரத்தில் பேய் உண்டெனக் கேட்டு நம்புதல்! நம் தோட்டங்களில் இன்றும் உலவும் கதையன்றோ இது? பின்னர் அறவணர் வாயிலாக அளவைகளைக் காட்சி, கருத்து என்னும் இரண்டே இரண்டாகச் சுருக்கி, மலையில் நெருப்புண்டென்பதற்குப் புகையை ஏதுவாகவும் அடுக்களையை எடுத்துக்காட்டாகவும் வைத்து, போலி வாதங்களையும் வகைப்படுத்திவிடுகின்றார். காப்பியமாகப் படிப்போர் இக்காதைகளைச் சுவையற்றவை எனத் தள்ளிவிடுவர். எமக்கோ நூலின் முதுகெலும்பே இவைதாம்.

பேய்க்கதையின் குற்றம் சான்றில்லாமை மட்டுமன்று. அமாவாசையில் காணோமென்றால் வெள்ளிக்கிழமை வருமென்பர். வெள்ளியும் காணோமென்றால் உமக்குத் தெரியாதென்பர். எவ்வாறு பார்த்தாலும் அதனைத் தவறெனக் காட்ட வழியில்லை. 1934இல் வியன்னாவில் கார்ல் பாப்பர் ஜெர்மன் மொழியில் எழுதி, 1959இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல் இதைத்தான் பேசுகிறது. தவறாயின் தவறெனக் காட்டத்தக்க கூற்றே விஞ்ஞானக் கூற்று என்பது அவர் வாதம். 'பால்ஸிபையபிள்' என்னும் அச்சொல்லைப் பொய்ப்பிக்கத்தக்கது எனலாம். பொய்ப்பிக்கத்தக்கது வேறு, பொய் வேறு. தைல விளம்பரக்காரர் இச்சொல்லை ஏற்பாரா?

இனி 'ஆதாரமற்றது' என்னும் சொல்லுக்கு வருவோம். தைலத்தைப் போலன்றி, இது ஏழைகளைச் சுடும் சொல். சுதந்திர நாள் முதல் 1962 அக்டோபருக்கு முன்வரை இக்கூட்டரசில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிகள் என்பது அரசமைப்புச் சட்டம். 1960இல் லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பதிவு செய்யப்படாது போனவர் ஒருவர் 'இத்தோட்டத்தில்தான் பிறந்தேன்' என்கிறார் எனக் கொள்வோம். பத்திரம் இல்லை; உடனே 'ஆதாரமற்றது' என்கின்றனர். கேட்பவர் காதில் அது 'பொய்' என்றே விழுகின்றது. சாத்தனார் அளவைகளுள் அபாவமும் ஒன்று. ஓரிடத்தில் ஒரு பொருள் இல்லையென அறிதல் அது. பெட்டியில் பத்திரமில்லை என்பது பத்திரத்தின் அபாவமாகுமேயன்றிப் பிறப்பின் அபாவம் ஆகுமா? தாயின் பெயருள்ள பழைய செக்ரோல் இருக்கலாம். பள்ளிச் சேர்க்கை ஏடு இருக்கலாம். உடன் வளர்ந்தோர் சத்தியம் செய்யலாம். மனு எழுதும் கிராணிமார் அவ்விடத்தில் எழுதவேண்டியது 'ஆதாரமற்றது' என்பதன்று; 'சரிபார்க்கத்தக்கது, இன்னும் சரிபார்க்கப்படவில்லை' என்பதும், எந்த ஏட்டில் பார்க்கவேண்டும் என்பதுமே.