சுந்தரம் பிள்ளையின் கட்டுரை அடைவு

திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியின் மெய்யியற் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) திருஞானசம்பந்தரின் காலம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுரை, கருத்துகளை அடைவுபடுத்தும் முறைக்குத் தக்க சான்றாகும். மார்க்கோ போலோ குறிப்பிடும் சுந்தர பாண்டியனே கூன்பாண்டியன் எனக் கருதிய கால்டுவெல், சம்பந்தரை 13ஆம் நூற்றாண்டினராக்கினார். இதனை மறுக்கும் பிள்ளை, பிற்காலத்தாரினின்று பின்னோக்கிச் செல்கிறார். சேக்கிழாருக்கு வழிநல்கிய நம்பியாண்டார் நம்பி அவரினும் முற்பட்டவர். நம்பி அந்தாதியிற் போற்றும் சம்பந்தர் நம்பியினும் முற்பட்டவர். இவ்வாறு ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு அடிப்படையாகிறது.

எனினும் இம்முறை கீழெல்லையை மட்டுமே தரும். மேலெல்லைக்குச் சிறுத்தொண்டர் பங்கேற்ற வாதாபிப் போர் (642) போன்ற புறச்சான்று தேவை. இக்கட்டுரையைத் தமிழாக்குவோர் வாசிப்பெளிமை கருதிக் காலவரிசைக்கு மாற்றின், செய்திகள் எஞ்சும், வாதம் எஞ்சாது. அடைவும் பொருளின் கூறே என்பது மொழிபெயர்ப்பாளர் உளங்கொளத்தக்கது.