பொன் விக்கிரகமும் கரிவாளியும்: டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ குறுநாவலில் பொருளாசை பற்றிய கிறித்தவப் பார்வை

ஆய்வுச்சுருக்கம்

கிறிஸ்துமஸ் காலத்து நுகர்வைக் கண்டிக்கும் கிறித்தவ உரைகள், வாங்குவோரின் கையையே விக்கிரகாராதனையின் இடமாகப் பெரிதும் காண்கின்றன. சார்லஸ் டிக்கன்ஸ் 1843ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ அவ்விடத்தை மாற்றிக் காட்டுகிறது. அங்கு விக்கிரகத்தை வணங்குபவன் செலவிட மறுப்பவன். அவனை வணங்கச் செய்வது வறுமையைப் பற்றிய அச்சம். இவ்விட மாற்றத்தால் பண்டிகைக்காலப் பொருளாசை பற்றிய கண்டனம் யார்மீது விழுகிறது என்னும் வினாவைப் பனுவலின் சில காட்சிகள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விக்கிரகாராதனை, பொருளாசை, கிறிஸ்துமஸ், டிக்கன்ஸ், சி. எஸ். லூயிஸ், ஓய்வுநாள்.

முன்னுரை

கிறிஸ்துமஸ் பண்டிகை உலகப்பற்றுக்கு இடங்கொடுத்துவிட்டது என்னும் குற்றச்சாட்டு அங்காடிப் பண்பாட்டோடு பிறந்ததன்று. 1647இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இப்பண்டிகையை நீக்கி ஆணையிட்டது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் இயற்றப்பட்ட சட்டம், அதனைக் கொண்டாடியோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தது. 1681இல்தான் அது நீக்கப்பட்டது. அக்காலத் தூய்மைவாதியருக்குப் பண்டிகையே குற்றம்: அதற்கு மறைநூலில் நாள் குறிக்கப்படவில்லை, அது போப்பாட்சியின் எச்சம், குடியும் களியாட்டமுமே அதன் உள்ளீடு. இன்றைய சபை உரைகளில் பண்டிகை புனிதமானது, அதனுள் புகுந்த வணிகமே குற்றம். கண்டனத்தின் சொற்கள் பெரும்பாலும் மாறாதிருக்க, கண்டிக்கப்படும் பொருள் மட்டும் மாறியிருக்கிறது. இவ்விரு நிலைகளுக்கும் நடுவில், நவீன கிறிஸ்துமஸ் உருவாகிவந்த பத்தாண்டுகளில், டிக்கன்ஸின் குறுநாவல் நிற்கிறது.

அந்நூல் 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. ஹென்றி கோல் என்பார் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு வரைவித்து விற்ற முதல் வணிகக் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையும் அதே ஆண்டினது. விலை ஒரு ஷில்லிங். நூலின் விலை ஐந்து ஷில்லிங். கதையில் வரும் எழுத்தர் பாப் கிராச்சிட்டின் வாரக்கூலி பதினைந்து ஷில்லிங். தன் வாழ்வைச் சொல்லும் நூலை அவர் வாங்க வேண்டுமாயின் வாரக்கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும். கண்டனமும் ஒரு பண்டமாகவே சந்தைக்கு வந்தது என்பதை மறவாமல் இப்பனுவலுக்குள் நுழைதல் வேண்டும்.

விக்கிரகம் என்னும் சொல்

கொலோசெயருக்கு எழுதப்பட்ட திருமுகம் (3:5) பொருளாசையை விக்கிரகாராதனை என்றே சொல்கிறது. அங்குப் பயிலும் ‘பிளியோனெக்ஸியா’ என்னும் கிரேக்கச் சொல்லின் அடிப்பொருள், உள்ளதற்கு மேலும் வேண்டும் என்னும் நாட்டம். அது பொருளின் பெயரன்று, மனநிலையின் பெயர். மத்தேயு 6:24இல் வரும் ‘மாமோன்’ என்னும் அரமேயச் சொல்லோ, கடவுளுக்கு எதிராக நிறுத்தப்படும் மற்றோர் எசமானனின் பெயர்போல் ஒலிக்கிறது. சீர்திருத்தச் சபையார் நெடுங்காலம் பயன்படுத்திவரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனை ‘உலகப்பொருள்’ என்கிறது. பின்வந்த திருவிவிலியம் ‘செல்வம்’ என்கிறது. இரண்டும் பொருந்தும் சொற்களே. ஆயினும் எசமானன் மறைந்து, சரக்கு மட்டும் எஞ்சிவிடுகிறது. தமிழ்க் கிறித்தவ உரைகளில் ‘விக்கிரகாராதனை’ என்னும் சொல் பிறர் வீட்டுப் படிமங்களைக் குறிக்கவே பெரிதும் எடுத்தாளப்படுவதற்கும், ‘உலகப்பொருள்’ என்பது கடைவீதியை மட்டும் நினைவூட்டுவதற்கும் இம்மொழிபெயர்ப்பு மரபில் ஒரு தொடர்பு உண்டு எனக் கருத இடமுண்டு. பவுலின் தொடரோ தன் வீட்டாரை நோக்கியே பேசுகிறது.

பெல்லின் குற்றச்சாட்டும் ஸ்க்ரூஜின் மறுமொழியும்

டிக்கன்ஸ் இச்சொல்லை எங்கே வைக்கிறார் என்பது நோக்கத்தக்கது. நூலின் இரண்டாம் பகுதியில், இளமைக்கால ஸ்க்ரூஜை விட்டு விலகும் பெல் என்னும் பெண், தன் இடத்தைப் பொன்னாலான ஒரு விக்கிரகம் பிடித்துக்கொண்டது என்கிறாள். பண்டிகைக் காட்சிகளும் பண்டங்களும் நிறைந்த இந்நூலில், விக்கிரகம் என்னும் குற்றச்சாட்டு எந்தக் கடையின் முன்னும் எழவில்லை. சிக்கனமும் உழைப்பும் உடைய ஓர் இளைஞன்மீது எழுகிறது. முதற்பகுதியில் மார்லியின் ஆவி சுமந்து வரும் சங்கிலியும் இதனையே உறுதிசெய்கிறது. பணப்பெட்டி, சாவி, பூட்டு, பேரேடு, பத்திரம், எஃகுப் பணப்பை ஆகியவற்றால் ஆன சங்கிலி அது. அனுபவிப்பதற்குரிய பொருள் ஒன்றுகூட அதில் இல்லை. அனைத்தும் காப்பதற்கும் கணக்கிடுவதற்கும் உரிய கருவிகள்.

பெல்லின் குற்றச்சாட்டுக்கு ஸ்க்ரூஜ் கூறும் மறுமொழி, திறனாய்வாளர் பலரும் விரைந்து கடந்துசெல்லும் இடம். உலகம் வறுமையை நடத்துவதுபோல் வேறெதனையும் கொடுமையாக நடத்துவதில்லை. அதே உலகம் செல்வத்தைத் தேடுவதைப்போல் வேறெதனையும் கடுமையாகக் கண்டிப்பதும் இல்லை என்பது அவன் வாதம். இதனை வெறும் சாக்குப்போக்கு எனத் தள்ளிவிட முடியாது. பெல்லும் அதனை மறுக்கவில்லை. நீ உலகத்திற்கு அளவுக்கு மீறி அஞ்சுகிறாய் என்றே விடையிறுக்கிறாள். ஆக, விக்கிரகத்தின் பிறப்பிடம் இன்பநாட்டமன்று, அச்சம். ஏழையாயிருத்தலைத் தண்டிக்கும் சமூகத்தில் நின்றுகொண்டு பொருளாசையைக் கண்டிப்பவர் ஸ்க்ரூஜின் இந்த மறுமொழியை எதிர்கொண்டே ஆகவேண்டும். பண்டிகைக்கால நுகர்வு பற்றிய உரைகள் பலவும் வலுவிழக்கும் இடம் இதுவே. பிள்ளைக்குப் புத்தாடை இல்லையென்றால் ஊர் என்ன சொல்லும் என்று கடன் வாங்கும் தந்தையிடமும் அதே அச்சம்தான் செயல்படுகிறது. ஸ்க்ரூஜ் பூட்டுகிறான், அவர் செலவிடுகிறார். இருவரும் பணிவது ஒரே எசமானனுக்கு.

ரொட்டிக்கடை அடுப்பு

மூன்றாம் பகுதியில் பண்டங்களின் ஊர்வலமே நடக்கிறது. நிகழ்காலக் கிறிஸ்துமஸின் ஆவி உணவுக்குவியலின்மீது அரியணையிட்டு அமர்ந்திருக்கிறது. பழக்கடை, மளிகைக்கடை வருணனைகளில் வெங்காயமும் கொட்டைப்பழமும் மனிதருக்குரிய குறும்போடு உயிர்பெற்று நிற்கின்றன. பண்டத்தை வெறுக்கும் துறவுநெறி இப்பனுவலில் இல்லை. டிக்கன்ஸ் இறந்த 1870ஆம் ஆண்டில் ஜான் ரஸ்கின் எழுதிய மடலொன்று, அவருடைய கிறிஸ்துமஸ் பசுந்தழைத் தோரணமும் புட்டிங்கும் மட்டுமே, அதில் உயிர்த்தெழுதல் இல்லை எனக் குறைகூறுகிறது. குறை நியாயமானதே. ஸ்க்ரூஜ் மனந்திரும்பிய காலையில் தேவாலயம் செல்வது ஒரு வாக்கியத்தின் சிறு துண்டில் முடிந்துவிடுகிறது. ஆனால் அருளியல் இன்மையைச் சுட்டிய ரஸ்கினின் அளவுகோல், அதே பகுதியில் வரும் ஒரு சிறு உரையாடலைக் கணக்கிற் கொள்ளவில்லை.

வீட்டில் தக்க அடுப்பில்லாத ஏழைகள் தம் பண்டிகை உணவை ரொட்டிக்கடை அடுப்பில் வேகவைக்கக் கொண்டுசெல்கின்றனர். ஆவி தன் தீவட்டியிலிருந்து அவ்வுணவுகளின்மீது நறுமணம் தெளிக்கிறது. அப்போது ஸ்க்ரூஜ் கேட்கிறான்: ஏழாம் நாள்தோறும் இக்கடைகளை மூடச்செய்து இம்மக்களின் உணவைப் பறிக்க நீ ஏன் விரும்புகிறாய்? உன் பெயரால், அன்றேல் உன் குடும்பத்தின் பெயரால்தானே அது செய்யப்படுகிறது? எங்களை அறிந்ததாகச் சொல்லிக்கொண்டு ஆணவத்தாலும் பகையாலும் செயல்படுவோர் உளர். அவர் செயலுக்கு அவரையே பொறுப்பாக்குக என்கிறது ஆவி.

1830களில் நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஆண்ட்ரூ ஆக்னியூ ஞாயிற்றுக்கிழமை வணிகத்தையும் கேளிக்கையையும் தடைசெய்யும் மசோதாக்களை மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார். 1836இல் டிக்கன்ஸ் புனைபெயரில் வெளியிட்ட ‘சண்டே அண்டர் த்ரீ ஹெட்ஸ்’ என்னும் சிறுநூல் அத்தகைய மசோதாவை எதிர்த்தது. வீட்டில் சமையலாள் உள்ள செல்வரை அச்சட்டம் தொடாது, ரொட்டிக்கடை அடுப்பை நம்பியிருக்கும் ஏழையின் ஒரே சூடான உணவையே அது பறிக்கும் என்பது அதன் வாதத்தின் சாரம். ஏழாண்டுகள் கழித்து அவ்வாதம் பண்டிகைக் கதைக்குள் திரும்பி வருகிறது. புனித நாளை வணிகத்திலிருந்து மீட்பதாகச் சொல்லும் பக்தி, யாருடைய உணவுத்தட்டை அகற்றுகிறது என்று கேட்பதும் ஓர் அருளியல் வினாவே. விக்கிரகத்தை உடைக்கும் கோல் எவர் தலையில் விழுகிறது என்பதை அறியாமல் உடைத்தலை மட்டும் போற்ற இயலாது. இந்நூலில் இதனினும் கூர்மையான இடம் வேறில்லை என்பது என் கருத்து.

லூயிஸின் பார்வை

ஒரு நூற்றாண்டுக்குப்பின் எழுதிய சி. எஸ். லூயிஸ் இச்சிக்கலை மறுமுனையிலிருந்து பற்றுகிறார். ஹெரோடோட்டஸின் நடையைப் பகடிசெய்து 1954இல் அவர் எழுதிய கட்டுரை, ஒரே நாட்டில் ஒரே நாளை ஒட்டி நிகழும் இரு வேறு விழாக்களைப் பிரித்துக் காட்டுகிறது. 1957இல் எழுதிய மற்றொன்று சமய விழா, மக்கள் களிப்பு, வணிக ஏற்பாடு என மூன்றாகப் பகுக்கிறது. வணிகத்திற்கு நன்மை என்னும் வாதத்தை அவர் ஏற்பதில்லை. ஒருவரை ஒருவர் வாங்கத் தூண்டியே அனைவரும் பிழைக்கும் நிலை நாட்டின் பைத்தியநிலைக்கு அறிகுறி என்பது அவர் நோக்கு. பரிசு கட்டாயமாகிவிட்டால் அது வரி என்பதை டிக்கன்ஸைவிட லூயிஸ் தெளிவாகக் கண்டார். எனினும் அவர் உலகில் களைத்துப்போனவர் அனைவரும் வாங்கக்கூடியவர். ரொட்டிக்கடை வாயிலில் நிற்பவர் அங்கு இல்லை. ஸ்க்ரூஜின் மறுமொழிக்கு அவரிடம் விடை கிடைப்பதும் அரிது.

வான்கோழியும் கரிவாளியும்

டிக்கன்ஸிடம் மட்டும் முழுவிடை உண்டா? மனந்திரும்பிய ஸ்க்ரூஜின் முதற்செயல் ஒரு கொள்முதல். கடையில் தொங்கும் மிகப்பெரிய வான்கோழியை வாங்கிவரச் சிறுவனை ஏவுகிறான். விரைந்து வந்தால் அரைக்கிரவுன் என்கிறான். பறவை மிகப் பெரிது. அதனைக் கேம்டன் டவுனுக்குக் கொண்டுசெல்ல வண்டிக்கும் பணம் தருகிறான். கிறிஸ்துமஸ் காலையில் அக்கடை திறந்திருக்கிறது, கடையாள் வேலையில் இருக்கிறான். பாப் கிராச்சிட்டுக்கு ஒருநாள் விடுப்புத் தர முணுமுணுத்தவனின் மீட்பு, மற்றொரு தொழிலாளியின் விடுப்பின்மையால் நிறைவேறுகிறது. டிக்கன்ஸ் இதனைக் கவனித்ததற்குப் பனுவலில் அடையாளம் இல்லை. விக்கிரகம் பொன்னிலிருந்து பறவைக்கு இடம்பெயர்ந்ததா என்று கேட்பவரை இக்காட்சி முற்றாக மறுத்துவிடவில்லை. மூன்றாம் பகுதியின் இறுதியில் ஆவியின் அங்கிக்குள்ளிருந்து வெளிப்படும் அறியாமை, இல்லாமை என்னும் இரு குழந்தைகளும் இறுதிப் பகுதியில் மீண்டும் தோன்றவில்லை. குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1843ஆம் ஆண்டு அரசு அறிக்கையைப் படித்து, ஏழைக் குழந்தைக்காக ஒரு துண்டறிக்கை எழுத எண்ணியிருந்தவர் டிக்கன்ஸ். அத்துண்டறிக்கை கதையாக மாறியபோது அக்குழந்தைகள் இருவரும் பாதிவழியில் விடப்பட்டனர்.

ஆயினும் அதிகம் பேசப்படாத மற்றொரு கொள்முதலும் உண்டு. முதற்பகுதியில் ஸ்க்ரூஜ் கரிப்பெட்டியைத் தன் அறையிலேயே வைத்திருக்கிறான். எழுத்தரின் கணப்பில் ஒரே ஒரு கரித்துண்டு எரிவதுபோல் தோன்றுகிறது. கேட்டால் வேலை போகும் என்பதால் பாப் தன் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு மெழுகுதிரியில் குளிர்காய முயல்கிறார். இறுதிப் பகுதியில், பண்டிகை முடிந்த மறுநாள், வேலைநாளில், ஸ்க்ரூஜ் அவருடைய ஊதியத்தை உயர்த்துவதாக அறிவிக்கிறான். அடுத்த எழுத்தை எழுதுமுன் கணப்புகளை மூட்டி, இன்னொரு கரிவாளி வாங்கி வருமாறு சொல்கிறான். வான்கோழி அனுப்பியவர் பெயரின்றிப் போனது. அதனைப் பெற்றவர் கேட்டுப் பெறவில்லை. கரிவாளியோ பேரேடுகளுக்கும் பூட்டுகளுக்கும் நடுவே, விக்கிரகம் நிறுவப்பட்டிருந்த அதே அலுவலகத்திற்குள் வருகிறது. அதனை வாங்கப் பாப் கிராச்சிட்டையே அனுப்புகிறான் ஸ்க்ரூஜ்.