படிப்பும் பட்டறையும்: பால் வில்லிஸ் நூல் குறித்து

பிரிட்டனில் தொழிற்கல்வியைச் சமூகவியல் நோக்கில் பேசுவோர் தவிர்க்க முடியாத நூல், பால் வில்லிஸ் 1977-இல் எழுதிய 'லேர்னிங் டு லேபர்'. இங்கிலாந்தின் மத்தியப் பகுதித் தொழில் நகரமொன்றில், தொழிலாளர் வீட்டுப் பையன்கள் 12 பேரைப் பள்ளியின் கடைசி நாள்களிலும், வேலையில் சேர்ந்த புதிதிலும் கூடவே இருந்து கவனித்தார் அவர்.

'படிப்பு ஏறாதவன் பட்டறைக்குப் போவான்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வில்லிஸ் இதை ஏற்கவில்லை. சான்றிதழ் ஒருசிலரைக் கரையேற்றலாம், தங்கள் வர்க்கத்தை அல்ல என்பதைப் பையன்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்கிறார். வாத்தியாரைக் கேலி செய்த அதே துணிச்சல்தான் அவர்களை ஆலை வாசலில் கொண்டுபோய் விட்டது.

எனக்கு இதில் இரண்டு குறைகள் படுகின்றன. பெண்பிள்ளைகள் எங்கே? ஏஞ்சலா மெக்ராபி 1980-இலேயே இதைக் கேட்டுவிட்டார். அடுத்து, அதே தெருவிலிருந்து வந்து ஒழுங்காகப் படித்த பிள்ளைகளை வெறும் தலையாட்டிகளாகத் தள்ளிவிடுவது சரியில்லை.

1980-களில் பல ஆலைகள் மூடின. 1983-இல் இளைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. ஆனாலும் 2011-இல் அலிசன் வுல்ஃப் அரசுக்குத் தந்த அறிக்கை, 16 முதல் 19 வயதுள்ளோரில் குறைந்தது 3,50,000 பேருக்குத் தங்கள் படிப்பால் பெரிய பயனில்லை என்றது. பையன்களின் மோப்பம் பொய்யில்லை. கைவேலைக்கு மதிப்புத் தராமல் பாடத்திட்டத்தை மட்டும் மாற்றி என்ன பயன்?