மறையாத கை

சித்திரக்கதைகளுக்காகப் பரிந்து பேச வருகிறவர்களில் பெரும்பாலோர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் பேசுகிறார்கள். குழந்தைகளுக்குப் படிக்கிற பழக்கம் வரும், பிறகு நல்ல புஸ்தகங்களுக்குப் போய்விடுவார்கள் என்று சமாதானம் சொல்கிறார்கள். இதைவிடத் திட்டிவிட்டே போகலாம். சித்திரக்கதை தனியான ஒரு வடிவம். அதிலே உயர்ந்ததும் உண்டு, மட்டமானதும் உண்டு. எது எது என்று சொல்ல இங்கே யாரும் முன்வருவதில்லை.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு அளவுகோல். வசனத்தை விரலால் மறைத்துக்கொண்டு பார்த்தாலும் கதை நகர வேண்டும்.

‘இரும்புக்கை மாயாவி’யை எடுத்துக்கொள்வோம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது. மூலக்கதை 1962இல் இங்கிலாந்தில் ‘வேலியண்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் தொடங்கியது. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். வலது கையை இழந்தவனுக்கு எஃகுக் கை பொருத்தியிருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுவதும் மறைந்துவிடும். கை மட்டும் மறையாது. 1897இல் வெல்ஸ் எழுதிய நாவலில் மனிதன் முழுக்க மறைகிறான். எழுதுகிறவனுக்கு அது சௌகரியம். வரைகிறவனுக்கோ வெறும் கட்டம்தான் மிஞ்சும். இந்தக் கை பிளாஸ்கோவுக்குக் கிடைத்த வரம். முகமில்லாத பாத்திரத்தின் கோபம், அவசரம், தயக்கம் எல்லாவற்றையும் அந்தரத்தில் தொங்கும் ஐந்து விரல்களே நடித்துக் காட்டியாக வேண்டும். காட்டுகின்றன. தொடக்கத்தில் இவன் கெட்டவன். பின்னால் நல்லவனாகி உளவு வேலைக்குப் போய்விடுகிறான். கெட்டவனாக இருந்தபோது அந்தக் கைக்கு இருந்த பயங்கரம் பிறகு இல்லை. தமிழில் எஃகு இரும்பானதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ‘இரும்புக்கை’ என்னும்போது விழுகிற கனம் எஃகில் வராது.

படத்துக்கு மொழி கிடையாது, எந்த நாட்டுக்கும் போகும் என்பார்கள். பாதிதான் உண்மை. அமெரிக்காவின் மேற்குப் பிரதேசத்தை ஐரோப்பியர்கள் வரைந்த கதைகளைப் பார்த்தால் இது விளங்கும். பெல்ஜியத்து மோரிஸ் 1946இல் லக்கி லுக்கைத் தொடங்கினார். இத்தாலியில் 1948இல் டெக்ஸ் வில்லர் வந்தான். பிரான்ஸில் 1963இல் புளூபெர்ரி. மூவருமே தமிழ் பேசிவிட்டார்கள், கடைசி ஆசாமி ‘கேப்டன் டைகர்’ என்ற பெயரில். டெக்ஸுக்குச் சந்தேகமே வருவதில்லை. பக்கத்துக்கு ஆறு கட்டம் என்ற ஒரே தாளத்தில் கதை ஓடும். படிக்கச் சுகமாக இருக்கிறது. இரண்டாம் தடவை எடுக்கத் தோன்றுவதில்லை. புளூபெர்ரி விஷயம் வேறு. ஜான் ஜிரோ வரைந்த அந்தச் சவரம் செய்யாத முகத்தையும், பாலைவனத்தில் புள்ளியாகப் போகும் குதிரைக்காரனையும் எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் கதாசிரியர் ஷார்லியே வசனத்தைக் கொட்டுகிறார். தமிழ்ச் சொற்களோ இன்னும் நீளம். எழுத்து பொடிப்பொடியாகி, வானம் முழுவதையும் பேச்சு அடைத்துக்கொள்கிறது. லக்கி லுக்கில் உயர வரிசையில் மாடிப்படிபோல நிற்கும் நான்கு டால்டன் சகோதரர்களைக் கண்டு சிரிக்க மொழிபெயர்ப்பு வேண்டாம். கோசினி எழுதிய சிலேடைகளில்தான் மொழிபெயர்ப்பாளர் மாட்டிக்கொள்கிறார். அங்கே புதிதாக ஒரு வேடிக்கையைச் சிருஷ்டி செய்தாக வேண்டும். அதற்குத் துணிவு வேண்டும்.

நம் நாட்டில் 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதைகள் வேறு வழியில் போயின. ராஜா கோபம் கொண்டான் என்று மேலே வாசகம் இருக்கும். கீழே கோபத்தோடு ஒரு ராஜா இருப்பார். புராணம் தெரிந்துகொள்ளப் போதும். சித்திரம் அங்கே வாசகத்துக்கு உரை எழுதிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழிலே சொந்தமாக வந்தவை ஏன் குறைவு என்று கேட்டால், வெளிநாட்டுக் கதையை வாங்கிப் போடுவது மலிவு என்பது ஒரு பதில். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. நம்மிடம் சித்திரக்காரர்களுக்கு என்றுமே பஞ்சமில்லை. கோபுலு ‘தில்லானா மோகனாம்பா’ளுக்கு வரைந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அத்தியாயத்துக்கு ஒரு படம் என்றே அவர்களுக்கு அளந்து போட்டுப் பழகிவிட்டோம். நல்ல சித்திரக்கதை ஒன்று வரவேண்டுமானால் கதாசிரியன் ஆறு கட்டத்துக்காவது வாய் திறக்காமல் இருக்கச் சம்மதிக்க வேண்டும். தமிழ்க் கதாசிரியனிடம் இதைக் கேட்பது கொஞ்சம் அதிகம்தான்.