செவிக்கு எட்டாத பழுதுகள்

உடைந்த கார்களைக் குவித்து வைத்திருக்கும் காயலான் கடைக்கு ஜெர்மானியர் பேச்சு வழக்கில் ஒரு பெயர் உண்டு: 'ஆட்டோஃப்ரீட்ஹோஃப்'. கார்களின் இடுகாடு என்று பொருள். அந்த இடுகாட்டிலிருந்து ஒரு வண்டியைத் தூக்கி வந்து, வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, மாதக்கணக்கில் பாடுபட்டு மீண்டும் ஓட வைப்பது மேலை நாடுகளில் பலருக்கு விருப்பமான ஓய்வுநேர வேலை. அவ்வாறு மறுவாழ்வு பெறும் ஜெர்மன் கார்களுள் 'வண்டு' என்று செல்லமாக அழைக்கப்படும் பழைய வோக்ஸ்வாகனுக்குத் தனி இடம் உண்டு. 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லா நகரத் தொழிற்சாலையில் கடைசி வண்டி வெளிவந்தபோது, அதுவரை செய்யப்பட்டவற்றின் எண்ணிக்கை 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கை பெரிது, அமைப்போ எளிது. ஆகவே பழகுவோர் கைக்கு அது ஏற்ற வண்டி.

இந்த வேலையில் இறங்குவோர் பலர் கையில் ஒரு நூலையும் காணலாம். 'ஹௌ டு கீப் யுவர் வோக்ஸ்வாகன் அலைவ்' என்பது அதன் பெயர். 'உங்கள் வோக்ஸ்வாகனை உயிரோடு வைத்திருப்பது எப்படி' என்று பொருள் கொள்ளலாம். ஒன்றுமே தெரியாத முழு முட்டாளுக்காக எழுதப்பட்டது என்று துணைத் தலைப்பு வேடிக்கையாக அறிவிக்கிறது. 1969-இல் இதை எழுதி வெளியிட்டவர் அமெரிக்கரான ஜான் மியூர். இயற்கைப் பாதுகாப்புக்குப் பேர்போன ஜான் மியூர் வேறு, இவர் வேறு. இவர் கட்டமைப்புப் பொறியாளராகப் பணியாற்றி, அதை உதறிவிட்டு, நியூ மெக்சிகோ மாநிலத்தில் வோக்ஸ்வாகன் பழுதுபார்ப்பவராக வாழ்ந்தவர். 1977-இல் மறைந்தார். நூல் அவருக்குப் பின்னும் பல பதிப்புகள் கண்டது. பழைய வண்டி ஒன்றை எழுப்ப நினைப்பவர் இந்நூலை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இங்கு நாம் ஆராயும் கேள்வி.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுவோம். சாதாரணத் தொழில்நுட்பக் கையேடு உறுப்பு வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: மின்சாரப் பகுதி, எரிபொருள் பகுதி, பிரேக் பகுதி என்று. ஆனால் நடுவழியில் நிற்பவனுக்குப் பழுது எந்த உறுப்பில் என்பது தெரியாதே! அவனுக்குத் தெரிவது அறிகுறி மட்டும். மியூர் தம் அத்தியாயங்களை அறிகுறி வாரியாக அமைத்தார். எஞ்சின் கிளம்பவில்லை, சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டி நிற்கவில்லை என்று படிப்பவன் நிற்கும் இடத்திலிருந்தே பாடம் தொடங்குகிறது. நோயாளியிடம் உறுப்பின் பெயரைக் கேட்காமல் 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்கும் நல்ல மருத்துவரின் முறை இது.

சிவப்பு விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பல கார்களில் அது எரிந்தால் ஜெனரேட்டர் மின்சாரம் தரவில்லை என்று பொருள். பேட்டரி தாங்கும் வரை ஓட்டிச் செல்லலாம். வண்டில் அப்படி அன்று. அதன் எஞ்சினில் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. அந்தக் காற்றை வீசும் விசிறி ஜெனரேட்டரின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. இரண்டையும் சுழற்றுவது ஒரே பெல்ட். பெல்ட் அறுந்தால் விளக்கு எரியும். அதே கணத்தில் குளிர்ச்சியும் நின்றுவிடும். தொடர்ந்து ஓட்டினால் எஞ்சின் வெந்துபோகும். ஓர் அறிகுறி, இரண்டு விளைவு. இத்தகைய இடங்களில் அறிகுறி வாரியான முறையின் அருமை புலப்படும்.

பீட்டர் அஷ்வாண்டன் வரைந்த படங்களையும் குறிப்பிட வேண்டும். வண்டியின் ஒவ்வொரு பாகமும் காற்றில் பிரிந்து மிதப்பதுபோல் அவர் தீட்டிய சித்திரம் புகழ் பெற்றது. எந்தப் பாகம் எதன்மேல் அமர்கிறது என்பதை ஒரு பார்வையில் அது உணர்த்திவிடும். புகைப்படத்தால் இது முடியாது. புகைப்படம் உள்ளதைக் காட்டும், நல்ல வரைபடமோ உறவைக் காட்டும்.

இனிக் குறைக்கு வருவோம். இந்நூலுக்கு ஒரு தத்துவம் உண்டு. காரோடு பேசு, பிறகு வாயை மூடிக்கொண்டு, அது சொல்வதைக் கவனி என்பது அதன் சாரம். வண்டியின் ஒலி, அதிர்வு, மணம் எல்லாவற்றையும் புலன்களால் உணர்ந்து அதனோடு ஒன்றிப்போகச் சொல்கிறார் ஆசிரியர். படிக்க இனிமையாக இருக்கிறது. இதில் பாதி உண்மையும் உண்டு. தினமும் ஒரு வண்டியை ஓட்டுபவர் அதன் ஒலியில் ஏற்படும் சிறு மாற்றத்தையும் கண்டுகொள்வார்.

ஆனால் 'தினமும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மாற்றத்தை உணர வேண்டுமானால் முன்பிருந்த நிலை தெரிந்திருக்க வேண்டும். காயலான் கடையில் பல ஆண்டுகள் புல் முளைக்கக் கிடந்த வண்டியைப் பொறுத்தவரை உங்களுக்கு எந்த முன்நிலையும் தெரியாது. நூலின் தலைப்பே 'உயிரோடு வைத்திருப்பது' பற்றியது. உயிரோடிருப்பதைக் காப்பது வேறு; செத்துக் கிடப்பதை எழுப்புவது வேறு. இந்த வேறுபாட்டை மறந்து, நூலை மந்திரப் புத்தகமாகக் கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஆசிரியரின் தத்துவத்துக்கு அவருடைய நூலே ஒரு மறுப்பைத் தருகிறது. 3,000 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 4,800 கிலோமீட்டருக்கு ஒருமுறை டேப்பெட் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக வற்புறுத்துகிறார். வால்வின் முனைக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பெரும்பாலான வண்டுகளில் 0.15 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். எழுதும் தாள் ஒன்றரைக்குச் சமமான கனம்! இதற்கு ஏன் இவ்வளவு வற்புறுத்தல்?

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. எரிந்த வாயுவை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு கடுஞ்சூட்டில் குளிக்கிறது. அந்தச் சூட்டின் பெரும்பகுதி, வால்வு மூடி அதன் இருக்கையில் அழுந்தி உட்காரும் நேரத்தில்தான் வெளியேறுகிறது. நாளடைவில் இருக்கை தேய்கிறது, வால்வும் சற்று நீள்கிறது, இடைவெளி குறைகிறது. இடைவெளி முற்றிலும் மறைந்தால் வால்வு சரியாக மூடாது. சூடு வெளியேற வழியின்றி அதன் விளிம்பு கருகும். பழைய வண்டு எஞ்சின்களில் மூன்றாம் சிலிண்டருக்கு இந்த ஆபத்து அதிகம். எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி விசிறியின் காற்றுப் பாதையில் குறுக்கே நிற்பதால், அந்தச் சிலிண்டருக்குக் குறைந்த காற்றே, அதுவும் சூடேறிய காற்றே, போய்ச் சேருகிறது.

இப்போது ஒலியைக் கவனியுங்கள். இடைவெளி அதிகமானால் டேப்பெட் 'டக் டக்' என்று சத்தமிடும். கேட்பவர் பழுது என்று பயப்படுவார். இடைவெளி குறைந்தாலோ சத்தம் அடங்கிவிடும்; கேட்பவர் எஞ்சின் நன்றாக ஓடுவதாக மகிழ்வார். உண்மையில் முதலாவது சிறு குறை. இரண்டாவதே எஞ்சினைக் கொல்லும் குறை. காதை நம்புபவர் இங்கே தலைகீழான முடிவுக்கே வருவார். அவரைக் காப்பது சில ரூபாய் விலையுள்ள ஃபீலர் கேஜ் தகடுதான். மியூரும் தகட்டைத்தான் எடுக்கச் சொல்கிறார். அவருடைய கை, அவருடைய தத்துவத்தைவிட அறிவு மிகுந்தது!

கிடந்த வண்டியில் இத்தகைய ஊமைப் பழுதுகள் இன்னும் பல. முதலாவது பிரேக். மிதியை அழுத்தும் விசை, பாஸ்கல் விதிப்படி, திரவத்தின் வழியாகச் சக்கரங்களுக்குப் போகிறது. இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பரவலாகப் பயன்படும் டாட் 3 வகையில், புதிய திரவத்தின் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையலாகாது என்பது விதி. ஈரம் ஏறிய நிலைக்கு விதிக்கப்பட்ட கீழ்வரம்பு 140 டிகிரிதான். சரிவில் தொடர்ந்து பிரேக் போடும்போது திரவம் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும். விசை சக்கரத்தைச் சேராது. மிதி தரையைத் தொடும். ஆரம்பகால வண்டுகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் சுற்று என்பதை நினைவில் வையுங்கள். ஓரிடத்தில் தவறினால் நான்கும் போயிற்று. நிறுத்தி வைத்த வண்டியில் மிதியை எத்தனை முறை அழுத்திப் பார்த்தாலும் இந்த ஈரம் காலுக்குத் தெரியாது.

இரண்டாவது, அடித்தளம். வண்டின் உடல் ஒரு தட்டையான தளத்தின்மீது போல்ட்டால் பிணைக்கப்பட்டது. இருபுறக் கதவுகளுக்கும் கீழே ஓடும் பெட்டி போன்ற குழாய்கள் வெப்பக் காற்றையும் கொண்டு செல்கின்றன, உடலின் பாரத்தையும் தாங்குகின்றன. இவை உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருப்பதால் சிந்திய அமிலம் அங்குள்ள தகட்டை அரிக்கும். மேலே பளபளப்பான பெயிண்ட் இருக்க, கீழே தகடு அப்பளமாகியிருக்கலாம்.

மூன்றாவது, பெட்ரோல் குழாய். நாள்பட்ட ரப்பர் வெடித்து, சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும். எஞ்சினின் உறையோ மக்னீசியக் கலப்பு உலோகம். மக்னீசியம் எரிவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்த மாணவருக்கு அந்தத் தீயின் தன்மையை நான் விளக்க வேண்டியதில்லை.

நான்காவது எல்லாவற்றிலும் கொடியது. குளிர் நாடுகளில் காருக்குள் வெப்பம் வேண்டும். வண்டில் அது எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள பெட்டிகளின் வழியே ஊதப்படும் காற்றிலிருந்து கிடைக்கிறது. உள்ளே குழாய் துருப்பிடித்து ஓட்டையானால், எரிந்த வாயு அந்தக் காற்றோடு கலந்து உள்ளே வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது சேரும். புகை நாற்றம் சில வேளை எச்சரிக்கலாம், எச்சரிக்காமலும் போகலாம். புலன்களையே நம்பச் சொல்லும் எந்தத் தத்துவமும் இந்த வாயுவின் முன் தோற்றுப்போகும். ஏனெனில் அது முதலில் மழுங்கடிப்பதே புலன்களைத்தான்.

ஆகவே கிடந்த வண்டியை எழுப்புவோர் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வியே தவறானது. 'எஞ்சின் ஓடுமா?' என்று கேட்டு, புது பேட்டரி வைத்துச் சாவியைத் திருப்புகிறார்கள். எஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெற்றதும் ஆரவாரம் செய்கிறார்கள். நிற்க முடியாத வண்டிக்கு ஓட்டம் எதற்கு? முதலில் தளம், அடுத்து பிரேக், பிறகு பெட்ரோல் பாதை. அதன் பின்னரே எஞ்சின். அதையும் ஸ்டார்ட்டரால் சுழற்றாமல், பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில துளி எண்ணெய் விட்டு, பெல்ட் சக்கரத்தை ஸ்பானரால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். நூலில் பிரேக்குக்கென்று நல்ல அத்தியாயமே உண்டு, குறை அங்கன்று. எதை முதலில் திறப்பது என்ற வரிசை செத்த வண்டிக்கு வேறு என்பதைப் படிப்பவர் தாமே உணர வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் கண்டிக்காமல் விட முடியாது. ஆஸ்டெக் மக்களின் பலியாட்களைப் போல நாம் காரின் முன்புறத்தில் கட்டப்பட்டிருப்பதாக எண்ணி ஓட்டினால் விபத்துகள் மிகவும் குறைந்துவிடும் என்று ஓரிடத்தில் எழுதுகிறார் மியூர். சாமர்த்தியமான பேச்சு, பலரும் எடுத்துச் சொல்வதும்கூட. ஆனால் எதிரே வரும் லாரிக்காரரின் உறக்கத்தை நம் பயம் கலைக்குமா? கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். வண்டியின் முகப்பு நசுங்க, சீட் பெல்ட் உங்களைப் பிடித்து அரை மீட்டர் தூரத்தில் நிறுத்தினால், உங்கள் உடல் தாங்க வேண்டியது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 20 மடங்கு. பெல்ட் இல்லாமல் பறந்து, மோதிய இடத்தில் 5 சென்டிமீட்டருக்குள் நின்றால் 200 மடங்கு. முன்னதில் பிழைக்க வழி உண்டு, பின்னதில் அரிது. மூன்று முனைச் சீட் பெல்ட்டை வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் 1959-லேயே அமைத்துவிட்டார். வண்டின் முன்புறத்தில் எஞ்சின் இல்லை. இருப்பது பெட்ரோல் தொட்டி. பழைய வண்டி ஒன்றை எழுப்புகிறவர் பெயிண்டுக்குச் செலவிடும் முன் நல்ல பெல்ட்டுக்குச் செலவிடட்டும்.

அப்படியானால் இந்நூலைத் தள்ளிவிடலாமா? கூடாது. இயந்திரம் என்பது நிபுணர்களின் இரகசியம் அன்று, பொறுமையுள்ள எவரும் அதைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்ற துணிவை இதைப்போல் ஊட்டும் நூல்கள் குறைவு. தமிழில் சைக்கிளுக்கும் பம்பு செட்டுக்கும் இப்படி அறிகுறி வாரியாக எழுதப்பட்ட நூல்கள் வந்தால் எவ்வளவு பயன்படும்! ஆனால் துணிவு மட்டும் போதாது.

நம் மொழியில் 'கேள்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். செவிகொடு என்பது ஒன்று. வினவு என்பது மற்றொன்று. மியூர் முதலாவதை அழகாகக் கற்பிக்கிறார். அறிவியல் மாணவர் இரண்டாவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். துருவைத் தேடிச் சுத்தியலால் தகட்டைத் தட்டிக் கேட்பதும், டேப்பெட்டைத் தகடு வைத்துக் கேட்பதும் வினவிக் கேட்பவை. உங்கள் வீட்டுப் பழைய மிக்ஸியானாலும் தாத்தாவின் ஸ்கூட்டரானாலும் இதே முறைதான். அது தானாகச் சொல்வதைக் கவனியுங்கள். பிறகு அது சொல்லாததை, அளந்து கேளுங்கள்.